குழந்தைகளுக்கு எதற்குச் சாவுக் கதை?

சிறுவாச்சூரில் ஓர் அன்பியக் கூட்டம். செபமும் இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தபின், மறைக்கல்வி மாணவர்களின் நூலக அலமாரிக்கென வாங்கி வந்திருந்த நூல்கள் சிலவற்றைப் பாயில் பரப்பி வைத்தோம். பெற்றோர் ஒருவர் அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டினார். அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகி, இரத்தப் புற்றுநோய் கண்டு இறந்த ஜப்பானியச் சிறுமி சடாக்கோவின் கதை அது. சில பக்கங்களைப் படித்தவர் நூலை மூடி வைத்துவிட்டு, "குழந்தைகளுக்கு எதற்குச் சாமி, சாவுக் கதை? படிக்கிற பிள்ளைகள் சந்தோஷமாகப் படிக்கட்டுமே" என்றார். கூடியிருந்தோர் பலர் தலையசைத்தனர். "புனிதர்கள் கதை இருக்கும்போது இதெல்லாம் வேண்டுமா?" என்று தாய் ஒருவரும் கேட்டார்.

கேட்டவர்கள் நல்லவர்கள். ஞாயிறு தவறாது திருப்பலிக்கு வருபவர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வயிற்றைக் கட்டி வாழ்பவர்கள். அவர்களது வினா அன்பிலிருந்து பிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்பிலிருந்து பிறக்கும் தவறும் தவறே அன்றோ? அன்று கூட்டத்தில் நாம் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

போரையும் நோயையும் இறப்பையும் மெய்யாகச் சொல்லும் நூல்களை மறைத்து வைப்பதால் நம் குழந்தைகள் காக்கப்படுவதில்லை. துன்பம் வரும் நாளில் அவர்கள் தனித்து விடப்படுகிறார்கள். இதனினும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவற்றுக்கு மாற்றாக நாம் கொடுக்கும் பக்திக் கதைகளுள் பல, எதிர்நோக்கைக் கற்பிப்பதில்லை, பேரத்தையே கற்பிக்கின்றன.

குழந்தைகள் அஞ்சிவிடுவர் என்பது முதல் ஆட்சேபம். அவர்கள் துன்பத்தை இன்னும் பார்க்கவில்லை என்ற எண்ணம் அதற்கு அடிப்படையாக உள்ளது. இந்த எண்ணம் சரிதானா? சிறுவாச்சூரையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைச் சுமந்து வரும் வண்டிகளை நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மதுரகாளியம்மன் கோவில் நடை திறக்கும் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் நோயுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாய்மாரையும் பார்க்கிறார்கள். அந்தத் தாயின் சமயம் வேறு. அவள் கண்ணீர் வேறன்று. நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் ஊரில், அவசர ஊர்தியின் ஓசை கேட்டால் மார்பில் சிலுவை வரைந்துகொள்ளும் பழக்கம் நம் குழந்தைகளுக்கு உண்டு. எதற்காக வரைகிறோம் என்பதை மட்டும் அவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

போர் எங்கோ தொலைவில் நடப்பது என்றும் எண்ண வேண்டா. சிறுவாச்சூரிலிருந்து சற்றுத் தொலைவில், பெரம்பலூர்த் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த மக்களுக்காகத் தமிழகத்தில் அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுள் அதுவும் ஒன்று. 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டது; நல்ல மாற்றமே. ஆனால் பாட்டியின் நினைவு பெயரோடு சேர்ந்து மாறுமா? 1995-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில் மடு மாதா திருத்தலத்தில் தஞ்சம் புகுந்தோர் எறிகணைக்கு இரையாயினர். இரண்டு இடங்களிலும் இறந்தவர்களுள் குழந்தைகள் இருந்தனர். அந்த நாடு விட்டு வந்தவர்களின் பேரக்குழந்தைகள் இன்று நம் குழந்தைகளின் வகுப்புத் தோழர்கள். அருகில் அமர்ந்திருக்கும் தோழியின் பாட்டி ஏன் வானூர்தி ஓசை கேட்டால் நடுங்குகிறாள் என்பதை அறியாமலே நம் பிள்ளை வளர வேண்டுமா? அவ்வாறு அறியச் செய்யும் சிறுவர் நூல் ஒன்றுகூட நம் பங்கு அலமாரியில் இருந்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கைபேசி வேறு இருக்கிறது. 2022-இல் உக்ரைனிலும் 2023-இல் காசாவிலும் இடிந்து விழுந்த வீடுகளை நம் குழந்தைகள் அதில் பார்த்தார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் வந்த அந்தக் காட்சிக்கு அடுத்த நொடியிலேயே ஆட்டமும் பாட்டும் வந்தன. அதைத் தடுக்க இயலாத நாம், துன்பத்தை ஒழுங்காகவும் மெதுவாகவும் ஒரு மனிதரின் முகத்தோடு சொல்லும் நூலை மட்டும் தடுக்க முற்படுகிறோம். இது என்ன நியாயம்?

நம் முன்னோர் இவ்வாறு அஞ்சவில்லை. அரிச்சந்திரன் கூத்தின் மயான காண்டத்தில், பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும்போது, முன்வரிசையில் பாய் விரித்து விழித்திருந்தவர்கள் குழந்தைகள்தாம். பஞ்சத்தால் நலிந்து, பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்த நல்லதங்காளின் கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நம் கத்தோலிக்கக் கிராமங்களில் பாஸ்கா நாடகம் நடக்கும் இரவில், ஆண்டவரைக் கசையால் அடிக்கும் காட்சியில் எந்தத் தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்? அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலத்தை எழுப்பிய வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதையால் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக் கதையும் குருவின் சாவோடுதான் முடிகிறது! அவரே தேம்பாவணியில் ஏரோது குழந்தைகளைக் கொன்ற கொடுமையைப் பாடாமல் விடவில்லை. குழந்தைகளிடம் சாவைப் பேசாமை நம் பண்பாடு என்று சொல்வோர் எந்தப் பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

குழந்தைகளின் விசுவாசம் தளர்ந்துவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது ஆழமானது, ஆகவே இதற்கு விவிலியத்திலிருந்தே விடை தேடுவோம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28 அன்று, திருச்சபை எதைக் கொண்டாடுகிறது? மாசில்லாக் குழந்தைகளின் மறைசாட்சியத்தை. குடிலில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, பெத்லகேமின் தாய்மாருடைய ஓலத்தைத் தாய்த் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. ஆறுதல் பெற மறுத்து ராகேல் அழுதாள் என்பதை மத்தேயு நற்செய்தியாளர் மறைக்கவில்லை. அவளுக்கு அவசர ஆறுதல் சொல்லவும் முயலவில்லை. திருப்பாடல்களுள் 88-ஆவதை எடுத்துப் பாருங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் மன்றாட்டு அது. அதையும் தூய ஆவியார் செபப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். நம் பதிப்பாளர்களாக இருந்தால் கடைசியில் ஒரு புதுமையை ஒட்டி வைத்திருப்பார்கள்!

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் நாம் அந்த விடையைக் கேட்டதாகத் தெரியவில்லை. கீழ்ப்படியாத சிறுவன் நோயில் விழுந்தான், செபமாலை சொன்ன சிறுமி நோய் நீங்கி எழுந்தாள் என்னும் பாங்கில் எழுதப்பட்ட கதைகள் இன்றும் மறைக்கல்வி வகுப்புகளில் உலவுகின்றன. இக்கதைகளைக் கேட்டு வளரும் குழந்தை, தன் தம்பி காய்ச்சலில் இறந்தால் என்ன முடிவுக்கு வரும்? தம்பி கெட்டவன், அல்லது நாம் செபித்தது போதாது, அல்லது கடவுள் கேளாச் செவியர். இம்மூன்றுள் எதைத் தேர்ந்தாலும் அவ்விசுவாசம் சிதைந்ததே. விசுவாசத்தைத் தளர்த்துவது சாவுக் கதையா, இந்தப் பொய்க் கதையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

பிறரைக் குறை சொல்லும் நாம் நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஐந்து வயதுக் குழந்தையின் அடக்கத் திருப்பலிக்குப் பின், அழுதுகொண்டிருந்த அதன் அக்காளை அருகழைத்தோம். கடவுள் தம் தோட்டத்துக்கு அழகான மலராகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்று சொன்னோம். அழகாகச் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். சில வாரங்கள் கழித்து அத்தாய் வந்தாள். மகள் இரவில் தூங்குவதில்லை, கோவிலுக்கு வர மறுக்கிறாள், "நல்ல பிள்ளையாக இருந்தால் என்னையும் பறித்துக்கொள்வாரா அம்மா?" என்று கேட்கிறாள் என்றாள். ஈராண்டுகள் தத்துவமும் நான்காண்டுகள் இறையியலும் பயின்ற நமக்கு அன்று சொல்ல ஒரு சொல் இல்லை. அச்சிறுமியை அச்சுறுத்தியது சாவன்று. சாவைப் பற்றி நாம் சொன்ன இனிப்பான பொய். இக்கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் அவளுக்குக் கொடுக்க வேண்டிய கடனாகவே எழுதுகிறோம்.

இனி, அன்பியத்தில் மூடி வைக்கப்பட்ட அந்த நூலுக்கு வருவோம். சடாக்கோ சசாகி 1943-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவள். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது அவளுக்கு வயது இரண்டு. காயமின்றித் தப்பினாள், பள்ளியில் விரைவாக ஓடும் சிறுமியாக வளர்ந்தாள். 1955-இல் இரத்தப் புற்றுநோய் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டியது கிட்டும் என்பது அந்நாட்டு மரபு. மருந்து சுற்றி வந்த தாள்களைக்கூட எடுத்து மடித்தாள். அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டு வயதில் இறந்தாள்.

எலினார் கோயர் 1977-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில நூலின்படி அவள் 644 கொக்குகள் மடித்த நிலையில் இறந்தாள். எஞ்சியவற்றைத் தோழர்கள் மடித்து நிறைவு செய்தார்கள். ஆனால் நடந்தது அதுவன்று என்கிறார் அவளுடைய அண்ணன். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அவ்வாறே கூறுகிறது. சடாக்கோ ஆயிரத்தை முடித்தாள், நோய் நீங்கவில்லை, அதன் பின்னும் மடித்துக்கொண்டே இருந்தாள். நூலாசிரியர் ஏன் மாற்றி எழுதினார் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் இவ்விரண்டும் ஒரே கதையல்ல. 644-இல் நின்றுவிட்ட கதையைப் படிக்கும் குழந்தை, இன்னும் 356 மடித்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று கணக்குப் போடக்கூடும். ஆயிரத்தையும் தாண்டிய கதையிலோ கணக்குக்கு இடமில்லை. விலையை முழுதாகக் கொடுத்த பின்னும் பொருள் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தக் கைகள் ஓயவில்லை.

எதிர்நோக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த இறையியல் நூலில் உள்ளது? தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மூன்று முறை வேண்டியும் அது நீங்கப் பெறாத பவுலடியார் நற்செய்தி அறிவிப்பதை நிறுத்தவில்லை. கெத்சமனியில் துன்பக் கிண்ணத்தை அகற்றக் கேட்டவருக்கு அது அகற்றப்படவில்லை. 2025-ஆம் ஆண்டு யூபிலியில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று பதாகை பிடித்து நடந்தோமே, அந்தச் சொல்லின் பொருள் இதுதான். கேட்டது கிடைக்கும் என்ற உறுதிப் பத்திரம் அன்று அது. கிடைக்காத போதும் கடவுள் நம்மைக் கைவிடார் என்ற பற்று. கிறிஸ்துவை அறியாத அச்சிறுமி இதை நம் குழந்தைகளுக்குக் கற்பித்தால், அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூற வேண்டாமா?

புனிதர் கதைகள் இருக்கின்றனவே என்பது மூன்றாவது ஆட்சேபம். இருக்கின்றன, அவற்றை முழுதாகச் சொல்கிறோமா? பாத்திமாவில் அன்னை காட்சி தந்த 1917-ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரின் ஆண்டு. கதிரவன் சுழன்ற புதுமையைச் சொல்லும் நாம், அதன்பின் நடந்ததை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? போரின் இறுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் பிரான்சிஸ்கு 1919 ஏப்ரலில், பதினொரு வயது நிறையுமுன் இறந்தான். அவன் தங்கை ஜசிந்தாவுக்கு லிஸ்பன் மருத்துவமனையில், முழு மயக்க மருந்து கொடுக்க இயலாத நிலையில், இரண்டு விலா எலும்புகளை அகற்றினார்கள். 1920 பிப்ரவரி 20 இரவில், பத்து வயது நிறையுமுன், பெற்றோர் எவரும் அருகில் இல்லாமல் அவள் தனியே உயிர் நீத்தாள். 2017 மே 13 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் புனிதராக உயர்த்தியது காட்சி கண்டதற்காக மட்டுமன்று. அந்தக் கட்டிலில் அவர்கள் கொண்டிருந்த பற்றுக்காகவும்தான். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிசும் 2006-இல், பதினைந்தாம் வயதில், சடாக்கோவைப் போலவே இரத்தப் புற்றுநோயால்தான் இறந்தார். அவரது கணினித் திறனைப் பக்கம் பக்கமாகப் புகழும் சிறு நூல்கள் அவருடைய கடைசி நாள்களை ஒரு வரியில் கடந்து போவது ஏன்? புனிதர்களின் காயத்தை மறைத்தால் அவர்களுடைய ஒளியையும் மறைத்தவர்களாவோம். உயிர்த்த ஆண்டவர்கூடத் தம் காயங்களை அழித்துக்கொண்டு சீடரிடம் வரவில்லை, அவற்றைக் காட்டினார்.

இவ்விடத்தில் ஒரு கத்தோலிக்கரை நினைவுகூர விரும்புகிறோம். மருத்துவர் தகாஷி நாகாய், நாகசாகியில் கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றி, அப்பணியாலேயே இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று விழுந்த குண்டில் மனைவி மிதோரியை இழந்தார். சாம்பலிடையே அவளுடைய எலும்புகளோடு செபமாலையையும் கண்டெடுத்தார். உராகாமிப் பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். எஞ்சிய இரு குழந்தைகளோடு இரண்டு பாய் விரிக்குமளவே இடமிருந்த குடிசையில் படுத்தபடியே அவர் நூல்கள் எழுதினார். தாம் இறந்தபின் தாயும் தந்தையும் இன்றி நிற்கப்போகும் அப்பிள்ளைகளை எண்ணி எழுதிய நூலும் அவற்றுள் ஒன்று. 1951 மே 1 அன்று மறைவதற்கு முன் அந்தக் குண்டுக் காட்டில் அவர் செய்த செயல்களுள் ஒன்று என்ன தெரியுமா? சிறுவர்க்கென ஒரு நூலகம் அமைத்தார்! எங்கள் புத்தகப் பெட்டி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். வீடும் உணவும் இல்லாத இடத்தில் புத்தகம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். அதோடு அவர்கள் கண்டதைச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் இருக்கும் நாமோ அலமாரிக்குப் பூட்டுத் தேடுகிறோம்.

நம் வாதத்தை யாரும் தவறாகக் கொள்ள வேண்டா. துன்பத்தைப் பேசும் எல்லா நூலும் நல்ல நூல் என்று நாம் சொல்லவில்லை. கண்ணீரை வரவழைப்பதையே தொழிலாகக் கொண்ட நூல்கள் உள்ளன; அவை வேண்டா. போரை வீர விளையாட்டாகக் காட்டும் நூல்கள் உள்ளன, அவை நஞ்சு. இரஞ்சன்குடிக் கோட்டைக்கு நம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். 1751-இல் நவாபுப் பதவிக்காக, ஆங்கிலேயர் ஒருபுறமும் பிரெஞ்சுக்காரர் மறுபுறமும் நின்று போரிட்ட களம் அது. யார் வென்றார் என்று கேட்கிறோம். சுற்றுப்புறக் கிராமங்களில் அன்று யார் அழுதார் என்று கேட்பதில்லை. நல்ல சிறுவர் நூல் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும். வயதும் பார்க்க வேண்டும். ஆறு வயதுக்குரியது வேறு, பன்னிரண்டு வயதுக்குரியது வேறு.

எடுத்துக்காட்டு வேண்டுவோர், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட டோட்டோ-சான் என்னும் நூலைப் பார்க்கலாம். தெத்சுகோ குரோயானகி தம் பள்ளி நாள்களை நினைந்து எழுதி 1981-இல் ஜப்பானில் வெளியிட்டது. அதன் பெரும்பகுதி சிரிப்பே. போலியோவால் கைகால் நலிந்த யாசுவாக்கி என்னும் தோழனை மரத்தில் ஏற்ற டோட்டோ படும் பாடு அதில் வருகிறது. பின்னர் அத்தோழன் இறக்கிறான். இறுதியில் பள்ளியே 1945-இல் குண்டுவீச்சில் எரிகிறது. எரியும் பள்ளியைப் பார்த்தபடி தலைமை ஆசிரியர் கொபயாஷி, அடுத்து எத்தகைய பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். இறப்பை மறைக்கவும் இல்லை. அதில் மூழ்கவும் இல்லை. இந்நூலைப் படித்த நம் பங்குச் சிறுமி ஒருத்தி, படித்து முடித்த கையோடு, தன் தெருவில் நடக்க இயலாத பையனைத் திருவிழாத் தேர் பார்க்க அழைத்துச் செல்ல வழி உண்டா என்று வந்து கேட்டாள். பத்து மறையுரைகளால் நாம் சாதிக்காதது அது.

அன்பார்ந்த பெற்றோரே, நூலை வாங்கிப் பிள்ளையிடம் எறிந்துவிட்டு நீங்கள் தொலைக்காட்சி முன் அமர்வதை நாம் கேட்கவில்லை. யாயீரின் மகள் இறந்து கிடந்த வீட்டில் ஆண்டவர் என்ன செய்தார்? ஓலமிட்ட கூட்டத்தை வெளியேற்றினார்; ஆனால் தந்தையையும் தாயையும் உள்ளே அழைத்துச் சென்றார். குழந்தை துன்பத்தைச் சந்திக்கும் அறையில் பெற்றோர் இருக்க வேண்டும். அருகில் அமர்ந்து சேர்ந்து படியுங்கள். கேள்வி எழுந்தால் விடை தெரியாதபோது தெரியாது என்றே சொல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் மறைக்கல்வியே.

பங்குகளுக்கும் நம் வேண்டுகோள் உண்டு. புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் நாம் கொடுக்கும் பரிசுகளுள் ஒரு நல்ல சிறுவர் நூல் இடம்பெறட்டும். துறைமங்கலம் முகாமின் பாட்டிமாரை அழைத்து, அவர்கள் கடல் கடந்த கதையை, அவர்கள் விரும்பினால், நம் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்வோம். நம் இளையோருள் எழுத்தாற்றல் உள்ளவர் அதைச் சிறுவர்க்கேற்ற தமிழில் எழுதட்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைகளைக் காணச் செல்லும் மரியாயின் சேனையினர், ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கதைப் புத்தகத்தையும் கொண்டு செல்லட்டும்.

சடாக்கோவின் நூல் இப்போது நம் அலமாரியில்தான் இருக்கிறது. அதை மூடி வைத்த அந்தத் தந்தைக்கு ஒரு வார்த்தை: ஐயா, உங்கள் மகள் சென்ற வாரம் அதைக் கேட்டு வந்தாள். உங்களைக் கேளாமல் கொடுக்க மனமில்லை. அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இருவருமாக வாருங்கள். கொடுத்தனுப்புகிறோம்.